படத்தில் இருப்பவள்

என்னை வரைந்த ஓவியனோடு நான் பதினோரு வருடம் பேசவில்லை. அதற்கு ஊரில் எல்லோரும் ஒரு காரணம் வைத்திருந்தார்கள். முகத்தைப் பச்சையாகத் தீட்டிவிட்டான், தாடையைக் குதிரைத் தாடை ஆக்கிவிட்டான், அதுதான் செல்மாவுக்குக் கோபம் என்றார்கள். முகத்தைப் பற்றி எனக்கென்ன கவலை? அது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும், தினமும் காலையில் நான்தானே கழுவுகிறேன். என் கோபம் ஒரு சீட்டைப் பற்றியது.

எங்கள் சாக்சனியில் ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் ஸ்காட் சீட்டாட்டம்தான். தேவாலயத்துக்குப் போய்விட்டு மதுக்கடைக்கு வருகிறோம் என்பார்கள் ஆண்கள். தேவாலயத்தை எட்டிப் பார்த்தவர்கள் பத்துக்கு ஒருவர் இருந்தால் அதிகம். நூற்பாலைத் தெரு முனையில் இருந்த கூனர்ட் கடையில் ஜன்னலோர மேசை என் கணவருக்கும் அவருடைய தம்பி அர்னோவுக்கும் மாடிவீட்டு புரூனோவுக்கும் உரியது. அர்னோ காலுறை ஆலையில் இயந்திரம் பழுது பார்ப்பவன். புரூனோ டிராம் ஓட்டுபவன். என் கணவர் போருக்குப் போனவர் திரும்பவில்லை. போர் முடிந்து இவர்கள் இருவரும் வந்து உட்கார்ந்தபோது நாற்காலி ஒன்று காலி. ஸ்காட் மூன்று பேர் ஆடும் ஆட்டம். நான்கு ஞாயிறு அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டே பீர் குடித்தார்கள். ஐந்தாவது ஞாயிறு நான் போய் அதில் உட்கார்ந்தேன்.

முதல் மாதம் ஊர் பேசியது. விதவை, சீட்டு, போதாக்குறைக்குச் சுருட்டு! பிறகு ஒவ்வொருவராக வந்து என்னோடு ஆடித் தோற்றார்கள். தோற்றவன் வெளியே போய்ச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டான். பேச்சு தானாக நின்றது.

ஆட்டத்தின் நுணுக்கமெல்லாம் தெரிய வேண்டாம், இதைத் தெரிந்துகொண்டால் போதும். எங்கள் சீட்டுக்கட்டில் ஸ்பேடு, ஆட்டின் கிடையாது, ஓக்கொட்டை, இலை என்று வேறு வரிசைகள். ஆளுக்குப் பத்துச் சீட்டு. ஒருவர் தனியாக நின்று மற்ற இருவரை எதிர்த்து ஆடுவார். அப்படி ஆடுவதில் எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று உண்டு, திறந்த கிராண்ட். ஆட்டம் தொடங்கும் முன்பே தன் பத்துச் சீட்டையும் மேசையில் மலர்த்தி வைத்துவிட வேண்டும். 'பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு பிடிகூட உங்களுக்குக் கிடையாது' என்று சொல்லிப் பத்துப் பிடியையும் எடுக்க வேண்டும். ஆயுள் முழுக்க ஞாயிறு தவறாமல் ஆடிய கிழவர்களில் பாதிப்பேர் அதைக் கண்ணால் கண்டதில்லை. எங்காவது ஒருவனுக்கு அது அமைந்துவிட்டால் அந்தச் சீட்டுக்கட்டை அதன்பின் யாரும் ஆடத் தொடக்கூடாது. பத்துச் சீட்டையும் அட்டையில் ஒட்டி, தேதி போட்டு, தோற்ற இருவரும் அடியில் கையெழுத்திட்டு, கண்ணாடிச் சட்டம் போட்டு அந்தக் கடையிலேயே மாட்டுவார்கள். தோற்றவர்களின் கையெழுத்து இல்லாவிட்டால் அது செல்லாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்திரண்டு, பிப்ரவரி மாதம். அர்னோ சீட்டைப் போட்டான். என் கையை விரித்தேன். நான்கு ஜாக்கிகள். ஓக்கொட்டை வரிசையில் மேலிருந்து நான்கு பெரிய சீட்டு. இலை வரிசையில் ஏஸ், அதற்கு அடுத்த பெரிய சீட்டான பத்து. சுருட்டு வாயிலிருந்து மடியில் விழுந்து பாவாடையில் ஓட்டை போட்டதைக்கூட நான் கவனிக்கவில்லை. பத்தையும் மேசையில் மலர்த்தினேன்.

"திறந்த கிராண்ட்" என்றேன்.

அர்னோ எழுந்து நின்றுவிட்டான். "அண்ணி!" என்றான்.

புரூனோவின் முகம் சிவந்து, வெளுத்து, மறுபடி சிவந்தது. தன் கையிலிருந்த சீட்டுகளை என் சீட்டுகளின் மேல் அறைந்தான். முழங்கையால் ஒரு வீச்சு வீசினான். முப்பத்திரண்டும் கலந்து பாதி தரையில் பீர்க் குட்டையில் விழுந்தன.

"இதுல என்ன கிராண்ட்? உன்கிட்ட இலை பத்து எங்க இருந்துச்சு? ஒன்பதுதான் இருந்துச்சு. நான் பார்த்தேன்."

"கண்ணுல கோளாறா உனக்கு? பத்துடா அது!"

"ஒன்பது. ஒன்பத வச்சுக்கிட்டுத் திறந்து காட்டுறாளாம். எவனாவது பத்த வச்சிருந்தா உன் கதி என்னடி ஆகும்?"

அவன் கேட்டதில் கணக்குத் தப்பில்லை. பத்துக்குப் பதில் ஒன்பது இருந்தால் அந்தக் கை தோற்கும். ஒன்பதை வைத்துக்கொண்டு திறந்த கிராண்ட் ஆடுகிறவள் ஒன்று முட்டாள், இல்லையென்றால் மோசடிக்காரி. கடைக்காரர் கூனர்ட் அந்த நேரம் பார்த்து நிலவறையில் பீப்பாய் மாற்றிக்கொண்டிருந்தார். அர்னோ என் பக்கம் பேசினான், ஆனால் கொழுந்தன் சாட்சியை யார் எடுத்துக்கொள்வார்கள்?

அப்போதுதான் மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது. "சண்டை போடாதீங்க. எல்லாம் என் தாள்ல இருக்கு."

காஸ்பர் லோபல். தொழிற்பள்ளியில் துணிகளுக்கு வரைகோலம் சொல்லித்தரும் வாத்தியார். ஞாயிறுதோறும் மூலையில் உட்கார்ந்து எங்களைக் கரியால் கிறுக்கிக்கொண்டிருப்பான். சீட்டில் ராஜா எது, ஏஸ் எது என்றுகூடத் தெரியாதவன். தாளை வாங்கிப் பார்த்தோம், கரிக் கோடுகளில் ஒன்றும் பிடிபடவில்லை. "பெரிய படமா வரையப் போறேன்க்கா. உங்க கை, சீட்டு, எல்லாம் அதுல வந்துடும்" என்றான். அவன் கையைப் பிடித்துக் குலுக்கினேன். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். படம் வரட்டும், படம் சொல்லட்டும்.

வசந்தத்தில் படம் வந்தது. நகர ஓவியக்கூடம் அதை வாங்கி மாட்டியது. 'கூனர்ட் கடையில் ஞாயிறு' என்று பெயர். கூனர்ட் தன் வாழ்நாளில் முதல் முறையாக ஞாயிறு காலையில் கடையைப் பூட்டினார். கழுத்துப்பட்டை மாட்டிக்கொண்டு பத்தொன்பது பேர் ஊர்வலமாக ஓவியக்கூடத்துக்குப் போனோம். அதற்கு முன் எங்களில் ஒருவரும் அந்த வாசலை மிதித்ததில்லை.

படம் கதவளவு இருந்தது. மேசை கூரைச் சரிவு மாதிரி சாய்ந்து கிடந்தது. அர்னோவுக்கு நீலத் தலை. புரூனோவின் கழுத்து செங்கல். நடுவில் பச்சை முகத்தோடு ஒருத்தி, வாயெல்லாம் பல், மண்வெட்டி அகலத்துக்குக் கை. இதையெல்லாம் யாரும் பார்க்கவில்லை. பத்தொன்பது பேரும் அந்த ஒரு சீட்டுக்குப் பக்கத்தில் போய் விரலை நீட்டி அதில் இருந்த இலைகளை எண்ணினார்கள். நானும் எண்ணினேன். மூன்று முறை எண்ணினேன்.

ஒன்பது.

புரூனோ ஓவியக்கூடத்தின் மெழுகுத் தரையில் ஒரு சுற்று ஆடினான். காவலாளி வந்து அதட்ட வேண்டியிருந்தது.

அன்று மாலையே காஸ்பரைப் பிடித்தேன். "பத்துடா பாவி, பத்து! எண்ணத் தெரியாதா உனக்கு?"

அவன் நெற்றியைச் சொறிந்தான். "பத்து போட்டுப் பார்த்தேன்க்கா. ஒரே நெரிசலா இருந்துச்சு. ஒரு இலைய எடுத்ததும் அந்தச் செங்கல் சிவப்புக்குப் பக்கத்துல சீட்டு மூச்சு விட்டுச்சு."

மூச்சு விட்டதாம்! கையிலிருந்த பீரை அவன் தலையில் கவிழ்த்துவிட்டு வந்தேன். அத்தோடு பேச்சு முடிந்தது. அதன்பின் யார் அந்தப் படத்தைப் பற்றிக் கேட்டாலும் என்னிடம் ஒரே பதில்தான். "அது நான் இல்ல. ஒன்பத வச்சுக்கிட்டு ஆடுற பொம்பள நான் இல்ல." ஊர் வாய் இதில் பாதியைத் தின்றுவிட்டு மீதியைப் பரப்பியது. செல்மா அந்தப் படம் தான் இல்லை என்கிறாள், ஓவியன் அவளை அவமானப்படுத்திவிட்டான் என்றானது. நானும் திருத்தவில்லை. புரூனோ மட்டும் ஞாயிறுதோறும் "படமே சொல்லுது" என்பான். பதினோரு வருடம் அதே மேசையில் அவனோடு ஆடினேன், அதே வாக்கியத்தைக் கேட்டேன். அர்னோ எங்கள் இருவருக்கும் நடுவில் உட்காரப் பழகிக்கொண்டான்.

முப்பத்து மூன்றில் ஆட்சி மாறியது. ஆட்சிக்கு வந்த கட்சியின் பழுப்புச் சட்டைக்காரர்கள் நகரசபையில் வந்து உட்கார்ந்தார்கள். கோடைக்குள் காஸ்பரின் வேலையைப் பிடுங்கி, வரையவும் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மலைப்பக்கம் அக்கா வீட்டுக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். பீர் ஊற்றியதற்கு அன்று முதல் முறையாகக் கொஞ்சம் வருத்தப்பட்டேன்.

ஆலை வேலையை விட்டு எனக்கு அப்போது நகரசபைக் குளியல் இல்லத்தில் நுழைவுச்சீட்டு கொடுக்கும் ஜன்னல் வேலை. கோழி மேய்த்தாலும் சர்க்காரில் மேய்க்க வேண்டும் என்பார்கள். ஊரில் மூன்றில் ஒரு ஆலைக்குப் பூட்டு தொங்கிய காலத்தில் எனக்கு வாரச் சம்பளம், குளிர்காலத்தில் கொதிகலன் பக்கத்தில் கதகதப்பு, சலுகையாக ஒரு தொட்டி வெந்நீர். ஒண்டிக்கட்டை எனக்கு அதுதான் சோறு, அதுதான் கூரை. அந்த ஜன்னலுக்குத்தான் அக்டோபரில் ஓர்ட்டல் வந்தார்.

ஓர்ட்டல் அதுவரை நகரசபையில் நாய் வரிப் பிரிவில் இருந்தவர். இப்போது பண்பாட்டு அலுவலர். சட்டையில் கட்சிச் சின்னம் பளபளத்தது.

"நீங்கதானே செல்மா ஹௌப்டிக்? அந்த லோபல் உங்கள அசிங்கமா வரைஞ்சு பதினோரு வருஷமா மனசு புண்பட்டுப் போய் இருக்கீங்களாமே?"

"புண்படாம? ஐயா, அவன் பத்துக்கு ஒன்பது போட்டுட்டான்" என்று ஆரம்பித்து ஏஸிலிருந்து ஜாக்கி வரை அவருக்கு விளக்கினேன். அவர் தலையாட்டி எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். பரவாயில்லையே, ஆட்டம் தெரிந்த மனிதர் என்று நினைத்தேன்.

மறுநாள் தட்டச்சு செய்த தாளோடு வந்தார். நகரமண்டபத்தில் ஓவியக் கண்காட்சி ஒன்று வைக்கிறார்களாம். கெட்டுப்போன ஓவியங்களைக் காட்டி மக்களைச் சிரிக்க வைக்கும் கண்காட்சி. ஞாயிறு காலை கூட்டம் கூடும்போது என் படத்தின் முன்னால் நின்று நான் இந்தத் தாளை வாசிக்க வேண்டும். வாசித்தேன். 'நான் மானமுள்ள ஒரு போர் விதவை. இப்படிப்பட்ட இடத்தில் நான் கால் வைத்ததில்லை. சீட்டைக் கையால் தொட்டதில்லை. படத்தில் இருக்கும் பெண் நான் அல்ல. ஓவியனின் சாக்கடை மூளையில் பிறந்தவள் அவள்.'

"ஒன்பது எங்கய்யா?"

"என்ன ஒன்பது?"

"பத்துக்கு ஒன்பது போட்டதச் சொன்னேனே!"

"அட, அத யாரும்மா கேட்டா?" என்றார். பிறகு ஜன்னல் பலகையில் விரலால் தட்டினார். "அந்தப் பச்சைக்காரி நீதான்னு சிலர் சொல்றாங்க. நகரசபைச் சம்பளம் வாங்குறவ வேசி மாதிரி சித்திரத்துல இருந்தா நல்லாவா இருக்கு? இத வாசிச்சுட்டா ஒரு பிரச்சினையும் இல்ல. வாசிக்கலன்னா அது நீதான்னு ஆயிடும். அப்புறம் இந்த ஜன்னல்ல நீ இருக்க முடியாது."

அர்னோவிடம் சொன்னேன். அவன் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே கேட்டான்.

"வாசிச்சுட்டுப் போங்க அண்ணி. நீங்களே பதினோரு வருஷமா அது நான் இல்லன்னுதானே சொல்றீங்க? புதுசா என்ன சொல்லச் சொல்றான்?"

"சீட்டத் தொட்டதே இல்லன்னு சொல்லச் சொல்றான்டா."

"சொல்லுங்க. வாய் என்ன வெந்தா போயிடும்?"

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், வாசிப்பதாகத்தான் இருந்தேன். வீரம் பேசுகிறவர்கள் என் வயதில் வேலை கேட்டு ஆலை வாசலில் வரிசையில் நின்று பார்க்கட்டும். சனிக்கிழமை இரண்டு முறை உரக்க வாசித்துப் பழகினேன். கறுப்புக் கோட்டைத் துடைத்து வைத்தேன்.

ஞாயிறு காலை நகரமண்டபம் நிரம்பி வழிந்தது. அனுமதி இலவசம். சும்மா கிடைப்பதை எங்கள் ஊர் விடாது. படங்களைச் சட்டமில்லாமல், கோணல்மாணலாக, இடுப்புயரத்திலும் தலைக்கு மேலேயும் தொங்கவிட்டிருந்தார்கள். என் படத்துக்குக் கீழே ஓர் அட்டை. 'குடி, சூது, வேசி. நம் பெண்களை இவர்கள் கண்ட கண் இது!'

கூட்டம் சிரித்தது. கூனர்ட் கடை ஆட்களும் அங்கே இருந்தார்கள். அவர்கள் சிரிக்கவில்லை, காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புரூனோ டிராம் சீருடையோடு கதவருகில் நின்றான்.

ஓர்ட்டல் என் தோளைத் தொட்டுப் படத்தின் முன்னால் நிறுத்தினார். தாளை விரித்தேன். வாசிக்கும் முன் ஒரு தடவை படத்தைப் பார்ப்போமே என்று நிமிர்ந்தேன்.

பதினோரு வருடத்தில் அந்தச் சீட்டைத் தவிர வேறெதையும் அதில் நான் பார்த்ததே இல்லை. அன்றுதான் அவளைப் பார்த்தேன். கடைவாய்ப் பல் தெரியச் சிரிக்கிறாள். கணவனை இழந்தவள், வாரம் ஆறு நாளும் ஆலையில் நின்றவள். எதிரே இரண்டு ஆண்கள் வாயடைத்து உட்கார்ந்திருக்க, மேசை முழுக்கத் தன் சீட்டைப் பரப்பிவிட்டு, உலகமே தன்னுடையது என்று சிரிக்கிறாள். கை மண்வெட்டி மாதிரிதான் இருக்கிறது. அன்று என் கை அவ்வளவு பெரிதாகத்தான் இருந்தது. முகம் பச்சைதான். அந்த வெற்றியில் எனக்கு எந்த நிறம் வந்திருக்கும் என்று யார் கண்டது? அப்படிச் சிரித்த ஒரே நாளை அந்தப் படுபாவி பிடித்து வைத்திருக்கிறான். நானோ ஓர் இலைக்காக அவளைப் பதினோரு வருடம் தள்ளி வைத்திருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் கொஞ்ச நேரத்தில் கோபமாக மாறியது. அவளை வேசி என்று எழுதிய அட்டை என் முழங்கால் உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"வாசிம்மா" என்றார் ஓர்ட்டல்.

தாளை நான்காக மடித்துக் கோட்டுப் பையில் வைத்தேன்.

"இந்தப் படத்துல ஒரு தப்பு இருக்கு" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. ஓர்ட்டல் திருப்தியாகத் தலையாட்டினார். "ஒரே ஒரு தப்பு. அந்த இலைச் சீட்டு ஒன்பது இல்ல, பத்து. மத்ததெல்லாம் சரி. இடம் கூனர்ட் கடை. நாள் ஞாயித்துக்கிழமை. அந்தப் பொம்பள நான். நான் ஆடினேன், ஜெயிச்சேன், சிரிச்சேன். என்னை வேசின்னு எழுதினவன் முன்னால வரட்டும்."

ஓர்ட்டல் சிரிக்கப் பார்த்தார். "பாவம், பயத்துல உளறுது. பாருங்க, இவங்க முகத்துக்கும் அதுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கா?"

"பத்தா இருந்தா என்ன ஆட்டம் அது?" என்று பின்னாலிருந்து ஒரு கிழவர் கேட்டார். எங்கள் கடை ஆள்கூட இல்லை, எவரோ.

"திறந்த கிராண்ட்" என்றேன்.

அவ்வளவுதான். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்தச் சொல் காதில் விழுந்தபின் வேறெதுவும் விழாது. கிழவர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். அவர் பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படத்துக்குள் தலையை நுழைத்தார்கள்.

"நாலு ஜாக்கி இருக்கு."

"ஓக்கொட்டையில ஏஸ், பத்து, ராஜா, அதுக்கடுத்ததும் இருக்கு."

"இலையில ஒன்பதுதான் தெரியுது. இத வச்சு யாருய்யா திறந்து காட்டுவா?"

"அதத்தான்யா அந்தம்மா சொல்லுது, பத்துன்னு."

"விலகு, நான் எண்ணுறேன்."

அங்கே யாரும் சிரிக்கவில்லை. பச்சை முகமும் நீலத் தலையும் யாருக்கும் உறுத்தவில்லை. அந்த மேசை மேல் சாய்ந்து, அந்தக் கையைப் பக்கத்தில் ஆடுகிறவன் கையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். கேலி பண்ணக் கூட்டிய கூட்டம் கண்ணெதிரே சீட்டாட்டக் கூட்டமாக மாறுவதை ஓர்ட்டல் பார்த்தார். நாய் வரிக்காரருக்கு ஆட்டம் தெரியாது. ஆனால் ஆபத்து தெரியும்.

"அமைதி!" என்று கத்தினார். பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது. அது அவருக்கு நல்ல யோசனையாகத்தான் பட்டிருக்கும். நான் ஜன்னலில் புலம்பியபோது புரூனோவோடு உள்ள சண்டையும் அவர் குறிப்பில் ஏறியிருந்தது. "புரூனோ சீலிங் இங்க இருக்காரா? டிராம் புரூனோ! முன்னால வாங்க."

கூட்டம் விலகி வழிவிட்டது. புரூனோ தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான். டிராமும் நகரசபையுடையது. அவனுக்கும் அங்கேதான் சம்பளம். வீட்டில் ஐந்து வாய்.

"நீங்க பதினோரு வருஷமா இந்தம்மா சொல்றது பொய்னு சொல்றீங்க. இப்ப எல்லார் முன்னாலயும் சொல்லுங்க. இவங்க சொல்றது பொய்தானே? இவங்க அங்க ஆடவும் இல்ல, ஜெயிக்கவும் இல்ல?"

வேலை போகும் என்று துணிந்துதான் வாயைத் திறந்தேன். ஆனால் இவன் இப்போது வழக்கமான அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டால் நான் பொய்க்காரி. அட்டையில் எழுதியதெல்லாம் உண்மையாகிவிடும். அவன் அதைச் சொல்ல எந்த முயற்சியும் தேவையில்லை. ஞாயிறுதோறும் சொல்வதுதானே?

புரூனோ படத்தைப் பார்த்தான். தன் செங்கல் கழுத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அவன் காது சிவந்தது.

"அங்கதான் ஆடினா" என்றான். "வாராவாரம் ஆடுறா. போன வாரம்கூட என்னை உரிச்சுத் தொங்கவிட்டா."

"அது இருக்கட்டும். அந்தச் சீட்டு? ஒன்பதுதானே?"

"இல்ல."

"என்ன இல்ல?"

"ஒன்பது அவகிட்ட இல்ல." தொப்பியின் விளிம்பை விரலால் சுற்றினான். "என் கையில இருந்துச்சு."

மண்டபத்தில் யாரோ "ஐயோ" என்றார்கள்.

"இலை ஒன்பத நான் வச்சிருந்தேன்" என்றான் புரூனோ, இப்போது எல்லோருக்கும் கேட்கும்படி. "அவ பத்து வச்சிருந்தா. நல்லாப் பார்த்தேன். ஒரு பொம்பளகிட்டத் திறந்த கிராண்ட்ல தோத்தேன்னு சொல்ல வாய் வரல, கலைச்சுப் போட்டுட்டேன். அப்புறம் இந்தப் பையன் தப்பா வரைஞ்சுட்டான், எனக்கு வசதியாப் போச்சு. அவ்வளவுதான். அவ மோசடி பண்ணல. இந்த அட்டையில எழுதியிருக்கறதும் அவ இல்ல. அவ சீட்டாடுறவ, அவ்வளவுதான்."

அர்னோ எங்கிருந்தோ பாய்ந்து வந்து அவன் சட்டையைப் பிடித்தான். "பதினோரு வருஷம்டா நாயே! பதினோரு வருஷம் நடுவுல உட்கார்ந்தேன்டா நான்!" என்று உலுக்கினான். உலுக்கிக்கொண்டே அழுதான். நான் அழவில்லை. அட்டையைக் கழற்றி, கிழித்து, ஓர்ட்டல் கையில் கொடுத்தேன். யாரோ ஒருவர் கைதட்டினார், இன்னும் நாலு பேர் தட்டினார்கள். அதற்குள் பழுப்புச் சட்டைகள் எல்லோரையும் படிக்கட்டுக்குத் தள்ள ஆரம்பித்துவிட்டார்கள்.

திங்கள்கிழமை அந்தப் படம் மட்டும் அங்கே இல்லை. எங்கே கொண்டுபோனார்கள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. புரூனோவை டிராமிலிருந்து இறக்கித் தண்டவாளம் கூட்டும் வேலைக்குப் போட்டார்கள். காஸ்பருக்கு ஓர் அஞ்சலட்டை எழுதினேன். 'உன் படத்தில் இருப்பது நான்தான். ஒன்பது தப்புதான். செல்மா.'

செவ்வாய்க்கிழமை குளியல் இல்ல மேலாளர் என்னை அறைக்குள் கூப்பிட்டார். நல்ல மனிதர், பயந்தவர். என் முகத்தைப் பார்க்காமல் நீக்க உத்தரவை என் பக்கம் நகர்த்தினார். கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும். காரணம் என்ற இடத்தில், 'ஒழுக்கக்கேடான ஓவியத்தில் இருக்கும் பெண் தான் என்று பொது இடத்தில் கூறிக்கொண்டவர்' என்று தட்டச்சு செய்திருந்தது.

"இதுல 'தான் என்று பொது இடத்தில் கூறிக்கொண்டவர்'ங்கறத அடிங்க" என்றேன்.

"என்னம்மா?"

"கூறிக்கொள்ளல ஐயா. அது நான்தான். சாட்சியோட முடிவாயிடுச்சு. ஓவியத்தில் இருக்கும் பெண், அவ்வளவு போதும். அப்படி எழுதினாத்தான் கையெழுத்து."

"அப்படி எழுதினா உங்களுக்குத்தான் கெடுதல்மா. இந்த ஊர்ல வேற எங்கயும் வேலை தர மாட்டாங்க."

"இப்படி எழுதினா மட்டும் தருவாங்களா?"

அவர் கதவைப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து அந்த வார்த்தைகளைக் கோடு போட்டு அடித்தார். திருத்தம் செய்த இடத்தில் முத்திரை வைக்க வேண்டும் என்பது விதி. நகரசபையின் வட்ட முத்திரையை மையில் தோய்த்து, அந்தக் கோட்டின் மேலேயே அழுத்தி வைத்தார்.

நான் இரண்டு முறை வாசித்தேன். 'ஒழுக்கக்கேடான ஓவியத்தில் இருக்கும் பெண்.' பேனாவை வாங்கி, செல்மா ஹௌப்டிக் என்று முழுப்பெயரையும் பெரிதாக எழுதினேன். எனக்கு ஒரு பிரதி வேண்டும் என்று கேட்டேன். விதிப்படி கொடுத்தாக வேண்டும். கொடுத்தார்.